A என்றால் ஆஜர்

என் வலது கட்டைவிரலில் ரேகை கிடையாது. சுத்தமாக இல்லை என்று சொல்ல மாட்டேன். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் இரண்டு கோடு தெரியும். காடாம்புலியூர் பக்கம் பல வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்த கை இது. கொட்டை ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் கருகி உரிந்துபோய்விடும். அந்தக் காலத்தில் அதை நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. விரலைக் கொண்டுபோய் யாரிடம் காட்டப்போகிறோம்?

பிறகு நெய்வேலி டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் பெருக்குகிற வேலைக்கு வந்தேன். என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். நான்தான் மேஸ்திரி. காலையில் ஒவ்வொருத்தி பெயராகக் கூப்பிடுவேன், "ஆஜர்" என்று சொல்லுவார்கள். என் நோட்டில் பெயருக்கு நேராக ஒரு 'ஆ' போடுவேன். வராதவளுக்கு ஒன்றும் போட மாட்டேன். எனக்குப் பள்ளிக்கூடம் இரண்டு வருஷம்தான். ஆனால் அந்த நோட்டைப் பார்த்து ஒருத்தரும் ஒரு நாள்கூட இது தப்பு என்று சொன்னதில்லை.

அப்புறம் விரல் வைக்கிற மெஷின் வந்தது. ஆபீஸ் வாசலில் பெரிய டிவி ஒன்றை மாட்டினார்கள். டேஷ்போர்டு என்றார்கள். அதில் படம் ஓடாது. எங்கள் நம்பர்கள் வரிசையாக நிற்கும். விரல் வைத்தால் கட்டம் பச்சையாகும், வைக்காவிட்டால் சிவப்பு. பன்னிரண்டு பேரில் ஆறு பேருக்கு மெஷின் சரியாக வாயே திறக்கவில்லை. எல்லாம் கொட்டை உடைத்த கைகள், என்னுடையதும் சேர்த்து. புடவையில் துடைத்து வைத்தோம், ஈரமாக்கி வைத்தோம், மெஷின் ஒரு நாள் மசிந்தால் இன்னொரு நாள் மசியாது. கையில் துடைப்பத்தோடு நிற்கிற எங்களுக்கு டிவியில் சிவப்பு.

அது கான்ட்ராக்ட் மாறுகிற நேரம். மாசத்துக்கு நாலு சிவப்பு விழுந்தால் அடுத்த லிஸ்டில் பெயர் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். நான் ஆபீசுக்குப் போய் நின்றேன். அந்த டிவியைப் பார்த்துக்கொள்கிற அம்மா தெற்கிலிருந்து வந்தவர், நாற்பது வயசிருக்கும். மெஷின் தப்புச் சொன்னால் திருத்த மனுஷருக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று அவர்தான் பெரிய ஆபீசரிடம் வாதாடினார். கையால் போட விட்டால் பொய் வரும் என்றாராம் ஆபீசர். கடைசியில் ஒரு வாரம் பார்க்கலாம் என்று விட்டார்கள். மேஸ்திரியே தினமும் வந்து போட வேண்டும். சனிக்கிழமை அது டிவியில் ஏறும்.

திங்கட்கிழமை அந்த அம்மா என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, நம்பருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு எழுத்து போட்டால் போதும் என்றார். அதற்குள் அவருக்கு போன் வந்தது. "தெரியும்ல?" என்று கையால் கேட்டார். தெரியும் என்று தலையாட்டினேன். கேட்டிருக்கலாம். ஆனால் இருபது வருஷமாக ஆஜர் போடுகிறவள், எந்த எழுத்து என்று போய்க் கேட்பேனா? என் மகள் பெயர் 'ஆ'வில் ஆரம்பிக்கும். ரேஷன் கார்டில் இங்கிலீஷில் அது A. ஆஜருக்கும் அதே 'ஆ'தானே. ஆறு நம்பருக்கும் ஒற்றை விரலால் A போட்டுவிட்டு எழுந்து வந்தேன். நடையே வேறாக இருந்தது அன்றைக்கு.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் ஆறு பேரில் ஒருத்தி, முத்தாண்டிக்குப்பத்துக்காரி, வாய்க்கு அஞ்சாதவள், பக்கத்தில் வந்தாள். அக்கா வீட்டில் கொட்டை உடைக்க ஆள் இல்லையாம். "நாளைக்கு நான் வரமாட்டேன் ஆயா. கட்டந்தான் உன் கையில இருக்குதே, போட்டுக்கினு இரு" என்றாள். நன்றாகத் திட்டினேன். அந்த மாசம் அவளுக்கு ஏற்கெனவே மூன்று சிவப்பு, மூன்றும் மெஷின் போட்டது. இன்னொன்று விழுந்தால் அவள் கதை முடிந்தது. வியாழக்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மற்ற ஐந்தையும் போட்டேன். அவள் நம்பரில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அங்கேயும் A போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் கான்ட்ராக்டரின் ஆள் டிவி முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். "ஆறு பேரும் அஞ்சு நாளும் ஆப்சென்ட். மேஸ்திரியம்மாவும் ஆப்சென்ட். அப்ப இங்க பெருக்கினது யாரு, பேயா?" என்றான். அண்ணாந்து பார்த்தேன். எங்கள் ஆறு வரியும் சிவப்பு. A என்றால் ஆப்சென்ட்டாம், வந்தவருக்கு P போட வேண்டுமாம். மெஷின் அத்தனை நாள் எங்களைத் தெரியாது என்றுதான் சொன்னது. வரவில்லை என்று என் கையாலேயே நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த அம்மா அரை நாளோடு கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை பத்து மணிக்கு லிஸ்ட் மேலே போய்விடும். அதற்கு முன்னால் அவரைப் பிடித்தாக வேண்டும். வீட்டுக்கு வந்தவள் உட்கார முடியாமல் பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்கினேன். உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாமியார் பிரசங்கம் பண்ணினார்; எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் பத்து மணி, பத்து மணி. பூசை முடிந்து வெளியே வந்தால் முத்தாண்டிக்குப்பத்துக்காரி எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குச் சேதி போய்விட்டது.

"எல்லாத்தையும் மாத்தச் சொல்லு ஆயா. என்னுதையும் சேத்து" என்றாள்.

"வியாழக்கிழமை நீ வந்தியா?"

"நீதான் ஆஜர்னு போட்டியே. இப்ப இன்னா புதுசா கேக்குற?"

வீட்டைப் பார்க்க நடந்தேன். அதுதான் சனிக்கிழமையிலிருந்தே என்னைக் குடைந்துகொண்டிருந்தது. முப்பது A போட்டேன். இருபத்தொன்பது, உண்மையைச் சொல்லப்போய்ப் பொய்யானது. ஒன்று மட்டும், பொய் சொல்லப்போய் உண்மையாகிவிட்டது. அந்த ஒன்றை என்ன செய்வது?

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். செருப்பைக் கழற்றுவேன், மாட்டுவேன். அந்த அம்மா வந்ததும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு, அன்றைக்கு நின்று சொல்லிக்கொடுக்காதது தன் தப்பு என்றார். கம்ப்யூட்டரைத் திறந்தார்.

"முப்பதையும் P ஆக்கிரட்டுமாம்மா?"

"இருபத்தொம்பதுங்க" என்றேன்.

அவர் கை நின்றது. எந்த ஒன்று என்று கேட்டார். நம்பரையும் வியாழக்கிழமையையும் சொன்னேன். அன்றைக்கு அவள் வரவில்லை என்றேன்.

"A-ன்னா ஆஜர்னு நெனச்சுத்தானே எல்லாத்தையும் போட்டீங்க? அப்போ வியாழக்கிழமையும் ஆஜர்னுதானே போட்டிருக்கீங்க?"

இதை நான் யோசிக்கவே இல்லை. அந்த ஒன்று சிவப்பாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேனே தவிர, அது என்னையே காட்டிக்கொடுக்கும் என்று தோன்றவில்லை. சுவரில் கடிகாரம் ஒன்பதரை காட்டியது.

"ஆமாங்க. அது பொய்தாங்க" என்றேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "ஆபீசர் இதத்தான் சொன்னார். சும்மா முப்பதுன்னு சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா."

"தெரிஞ்சிருக்காதுங்க. ஆனா மத்த இருபத்தொம்பதுக்கும் நாந்தாங்க சாட்சி. எனக்கே நம்பிக்கை இல்லாம எப்பிடி நிக்கறது?"

அதோடு விடவில்லை நான். அந்த ஒன்று இருக்கட்டும், ஆனால் அதற்கு முன்னால் மெஷின் போட்ட மூன்று சிவப்பும் அவளுடையது இல்லை என்றேன். கட்டம் வருவதற்கு முந்தின தேதிகள் அவை. ஒரு நாள் ரோட்டில் விழுந்த தூங்குமூஞ்சி மரக் கிளையை அவளும் நானும்தான் இழுத்துப் போட்டோம். ஒரு நாள் முசுறு எறும்பு கடித்து முகம் வீங்கி நின்றாள். ஒரு நாள் புதுத் துடைப்பம் யாருக்கு என்று என்னோடு சண்டை போட்டாள். அன்றைக்கு முழுக்க அவளோடு பேசாமல் இருந்தேன், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நோட்டையும் எடுத்து வைத்தேன். மூன்று நாளும் 'ஆ'.

அவர் போனை எடுத்து ஆபீசரிடம் பேசினார். என் பொய்யையும் மறைக்காமல் சொன்னார். எனக்குக் காது சுட்டது. அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டே தட்டினார். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டிவி மாறியது. கையால் போட்டதற்கெல்லாம் இனிமேல் மஞ்சள் என்று வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு மஞ்சள் கட்டத்துக்குக் கீழேயும் போட்டவள் நம்பர், அதாவது என் நம்பர், பொடியாக நின்றது. முத்தாண்டிக்குப்பத்துக்காரி வரியில் எல்லாச் சிவப்பும் போய் ஒன்றுதான் மிச்சம், வியாழக்கிழமை. அதற்குக் கீழேயும் என் நம்பர்தான்.

புது லிஸ்டில் ஆறு பேர் பெயரும் வந்தது, அவள் பெயரும். ஆனால் அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. "அவ்ளோ மாத்தினே, அந்த ஒண்ணு உனக்குக் கசந்துடுச்சா?" என்று கேட்டாள். நானும் சமாதானம் சொல்லவில்லை. மாசம் முடிகிறவரை அந்தச் சிவப்புக் கட்டம் டிவியில் இருந்தது. பெருக்கிக்கொண்டே அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்ப்பதுபோல இருக்கும். வேறு வழியாகப் பெருக்கிப் பார்த்தேன். அங்கேயும் நிம்மதியில்லை, போய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

அதற்கப்புறம் காலையில் பெயர் கூப்பிட்டால் ஒருத்தியும் ஆஜர் என்று சொல்வதில்லை. "ஏ" என்பாள் ஒருத்தி, "ஏ" என்பாள் அடுத்தவள், எல்லாரும் சிரிப்பார்கள். என்னைத்தான் கேலி செய்கிறார்கள்; செய்யட்டும். முத்தாண்டிக்குப்பத்துக்காரி மட்டும் நேரே என் முன்னால் வந்து நிற்பாள். "வந்துட்டேன் ஆயா, நல்லாப் பாத்துக்கோ" என்பாள். நான் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்த பிறகுதான் எழுதப் போவேன்.