எல்லாரும் திரும்பி வரணும்

ஊரிகம் ஸ்டேஷனில், பெங்களூர் ரயிலின் வழக்கமான பெட்டியில்தான் ஏறினேன். முந்தைய ஸ்டேஷனான சாம்பியனில் ஏறும் ஸ்டெல்லா அக்கா சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். அன்று அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்தார். "இன்னாபா, உனுக்கு யாரும் சொல்லலியா? ஸ்டெல்லா ராத்திரி பூட்டாங்க."

நெஞ்சு வலி. இங்கே ஊசி போட்டு, பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். தங்கச் சுரங்கத்தோடு அதன் பெரிய ஆஸ்பத்திரியும் மூடிப்போன ஊரில் வேறு எங்கே ஓடுவது? ஆம்புலன்ஸ் ஹொசகோட்டை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சர்ச் சபையில் அவரோடு பாடியவர்களுக்கும், ரயிலில் அவருடைய எலுமிச்சைச் சாதத்தைப் பங்கு போட்டவர்களுக்கும், அவர் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தார் என்பது மட்டும்தான் தெரியும். நானும் அதே கம்பெனிதான். விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள், எத்தனை பேர் என்று திட்டமிட்டுக் கையெழுத்துப் போடுகிற வேலை எங்களுடையது. வடக்கே ஒரு மலை விமான நிலையத்துக்கு நாங்கள் இருவரும் மாறி மாறித் திட்டம் போட்டோம். சுற்றிலும் சிகரங்கள். பள்ளத்தாக்குக்குள் காலையில்தான் நுழைய முடியும். வெயில் ஏறினால் காற்று பேயாட்டம் ஆடும்.

அக்கா முதலில் திரும்பும் வழியைத்தான் வரைவார். எந்த இடம் வரை போகலாம், மேகம் மூடினால் எங்கே திரும்பலாம், கிளம்பிய ஊருக்கே வந்து சேர எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். "சுரங்கத்துல எங்கப்பா ஷிப்ட்ல, மேல வர்றதுக்கு ரெண்டாவது வழி அடைச்சிருந்தா ஒருத்தரும் கீழ போற கேஜ்ல ஏற மாட்டாங்க" என்பார்.

ஒரு சீசனில், திரும்புவதற்கான எரிபொருளைக் குறைத்தால் இன்னும் சிலரை ஏற்றலாம் என்றார் மேலாளர். மற்ற கம்பெனிக்காரர்கள் எல்லாரும் போகிறார்களே என்றார்.

"எல்லாரும் போவாங்க சார். எல்லாரும் திரும்பி வரணும் இல்ல?"

அக்கா கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் சில பயணிகளை இறக்கிவிட்டுத்தான் விமானம் கிளம்பியது. பள்ளத்தாக்கின் வாசலில் மேகம் அடைத்துக்கொண்டது. அக்கா குறித்த இடத்திலேயே கேப்டன் திரும்பினார். ஒரு கீறல்கூட இல்லாமல் எல்லாரும் கிளம்பிய ஊரிலேயே இறங்கினார்கள். இறங்கியதும் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார்கள். கம்பெனியில் அக்காவிடம் விளக்கம் கேட்டார்கள். பிறகு மலைப் பக்கமே வராதபடி வேறு மேசைக்குத் தூக்கிவிட்டார்கள்.

அன்று ரயிலில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணும் ஆவலன்றதுதான்பா அவங்களுக்குக் கோவம்."

உண்மைதான். அந்த விமானம் மலையில் மோதியிருந்தால் நாடே அழுதிருக்கும். மோதவில்லை, அதனால் அவரை யாருக்கும் தெரியாது. அன்று பிழைத்தவர்களில் ஒருவருக்குக்கூடத் தெரியாது.

அடக்கத்துக்கு மேலாளர் மலர்வளையத்தோடு வந்தார். பாதுகாப்புதான் ஸ்டெல்லாவின் உயிர்மூச்சு என்று தழுதழுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதே வாரம் என் மேசைக்கு வந்தார். சீசன் தொடங்கிவிட்டதாம். இன்னும் ஸ்டெல்லாவின் கணக்கையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டுமா, எரிபொருளைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்றார்.

"எல்லாரும் திரும்பி வரணும் இல்ல சார்?" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க அக்கா இல்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். என்னையும் இந்த மேசையிலிருந்து தூக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.