காதுக்குப் பின்னால் கடித்த உண்ணி

மூன்று வருசத்துக்கு முன்னர் ஒரு ஆவணி மாதம். திருகோணமலையில் கச்சான் காற்று அடித்து ஓய்ந்து, புல்லெல்லாம் காய்ந்து கிடந்த காலம். நான் நகரத்தில் ஒரு அரச அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வீடு உப்புவெளியில். கணவருக்குச் சீனன்குடாவில் வேலை. அவர் மோட்டார்சைக்கிளில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போக ஐந்தரையாகிவிடும். எனக்கு நாலேகாலுக்கே வேலை முடிந்துவிடும். இடையில் கிடைக்கிற அந்த நேரத்துக்கு, பக்கத்திலுள்ள கடலோரக் கோட்டைக்குள் நடந்து போய் மரங்களுக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன்.

அங்கே மான்கள் இருக்கும். எங்கள் ஊர்க்காரருக்கு மான் ஒரு காட்டு மிருகம் என்ற எண்ணமே வராது. கடைத்தெருவில் நிற்கும், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். கோட்டைக்குள் பின்னேர வெயிலில் அவை அசைபோடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அலுவலகத்துக் களைப்பு எங்கே போனதென்று தெரியாது. இலைக்குள்ளால் விழுகிற வெயிற்புள்ளி எது, மானின் புள்ளி எது என்று பிரிக்க ஏலாமல் இருக்கும். ஒரு பெண்மான் எனக்குப் பக்கத்தில் வந்து படுத்துப் பழகிவிட்டது. அது எழும்பிப் போன பிறகும் அந்த இடத்துப் புல் கொஞ்ச நேரம் சூடாயிருக்கும். சில நாட்களில் நான் அந்தப் புல்லிலேயே கைப்பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்துவிடுவேன். கண்ணை மூடினால் கடற்சத்தமும் மான் மெல்லுகிற சத்தமும் ஒன்றாய்க் கேட்கும்.

அப்படி இருக்கையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் தொடங்கியது. முழங்காலும் மணிக்கட்டும் யாரோ முறுக்குவதுபோல நோ. பனடோல் போட்டால் இறங்கும், பிறகு முன்னையைவிடக் கூட ஏறும். மூன்றாம் நாள் கணவர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்போது ஊரில் டெங்கு இருந்ததால் எல்லோரும் டெங்கு என்றுதான் நினைத்தோம். தினமும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் தெளிவாக வரவில்லை.

வார்ட்டு டொக்டர் ஒரு இளம்பெண். சேர்ந்த அன்றே என்னிடம் விபரமாக விசாரித்தார். வீட்டில் நாய், மாடு, ஆடு ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். ஒரு கோழிகூட இல்லை என்று கொஞ்சம் பெருமையோடு சொன்னேன். எனக்குச் சுத்தம் பார்க்கிற குணம் கொஞ்சம் கூட. குசினித் தரையில் தண்ணீர்த் துளி கிடந்தாலும் துடைத்துவிட்டுத்தான் படுப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மாடு வளர்த்துத் தயிர் விற்கிற குடும்பம். எருமை ஒன்று மிதித்து அவருடைய வலது பாதத்தில் புண். சீனி வருத்தம் இருந்தபடியால் அது ஆறாமல், காலை நிலத்தில் ஊன்றவே கூடாது என்று படுக்க வைத்திருந்தார்கள். அவரிடமிருந்து புளித்த பாலும் சாணிப்புகையும் கலந்த ஒரு வாடை வந்துகொண்டிருந்தது. காய்ச்சற்காரிக்கு மூக்கு பொல்லாதது. முதல்நாளே கணவரிடம், வேறு கட்டில் கிடைக்குமா என்று நேர்ஸிடம் கேட்கச் சொன்னேன். மெல்லமாகத்தான் சொன்னதாக நினைத்தேன். இடம் இல்லை என்றுவிட்டார்கள். நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு எனக்கு நாள் கணக்குத் தெரியவில்லை. பகலிலேயே கண்ணுக்குள் ஏதேதோ ஓடியது. கட்டில்களுக்கு மேலே கட்டிய நுளம்பு வலைகள் எல்லாம் பாய்மரம்போலக் காற்றில் உப்பின. வார்ட்டுத் தரையில் கடல் வந்து நின்றது, கணுக்கால் அளவுத் தண்ணீர். அதற்குள்ளால் மான்கள் ஒவ்வொன்றாய் நடந்து வந்தன. கட்டில்களுக்கு இடையே நின்று சேலைன் குழாயை முகர்ந்தன. என்னுடைய பெண்மான் கட்டிலடியில் வந்து படுத்தது. எனக்குப் பயமே இருக்கவில்லை. இதுக்குள்ளேயே இருந்துவிடலாம், இனி எழும்பத் தேவையில்லை என்று நினைத்தது நல்ல நினைவிருக்கிறது. இப்போது யோசித்தால் அந்த நினைப்புத்தான் பயங்கரம். வெளியில் என் கணவர் டொக்டரிடம், இவளைக் கொழும்புக்குக் கொண்டுபோகவா என்று கேட்டு அழுதிருக்கிறார்.

அப்படிக் கிடந்த ஒரு பின்னேரம் யாரோ என் தலையில் கை வைத்தார்கள். மான் நக்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணைத் திறந்தால், பக்கத்துக் கட்டில் பெண் கதிரையொன்றை இழுத்துப் போட்டு, கட்டுப்போட்ட காலை என் கட்டில் விளிம்பில் தூக்கி வைத்துக்கொண்டு, என் தலைமாட்டில் இருக்கிறார்.

"தங்கச்சி, தலையெல்லாம் சிக்குப்பட்டுக் கிடக்கு. இழுத்து விடுறன், பேசாம படுங்க," என்றார்.

வேண்டாம் என்று சொல்லவும் எனக்குப் பலம் இல்லை. அவர் சீப்பை எடுக்கவில்லை, முதலில் விரல்களால்தான் சிக்கெடுத்தார். நோகவே இல்லை. நான் மறுபடி அந்தத் தண்ணீருக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று விரல்கள் வலது காதுக்குப் பின்னால், முடி தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டன. அந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தடவின.

"மாடு வளர்க்கிறீங்களா புள்ள?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப உண்ணி எங்கால வந்த?"

ஏதோ கடித்ததென்று காய்ச்சலுக்கு ஒரு கிழமைக்கு முன்னர் அந்த இடத்தைச் சொறிந்து நகத்தால் கிள்ளி எறிந்தது மங்கலாக நினைவு வந்தது. அங்கே இப்போது ஒரு கறுத்த பொருக்கு. அதைச் சுற்றிச் சிவந்திருந்ததாம். அவர் நேர்ஸைக் கூப்பிட்டுப் பார்த்தார். நேர்ஸ் வார்ட்டின் மற்றத் தொங்கலில் இன்னொரு நோயாளியோடு நின்றதால் கேட்கவில்லை. உடனே அந்தப் பெண் எழும்பினார். ஊன்றக் கூடாத காலை ஊன்றி, கட்டில் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து போனார். போன வழியெல்லாம் தரையில் இரத்தப் பொட்டு. அது கனவில்லை. பிறகு துடைக்க வந்தவர்கள் அவரை ஏசியதும் என் காதில் விழுந்தது.

டொக்டர் வந்து காதுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு என் கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் அன்று காலையில்தான் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வந்திருந்தன. பாதத்திலும் இருந்தன.

"வீட்டில ஒரு மிருகமும் இல்லையெண்டுதானே சொன்னீங்கள்?"

"வீட்டில இல்லை... கோட்டைக்குள்ள மானோட இருப்பன்."

டொக்டர் என் கையை மெல்லக் கட்டிலில் வைத்தார். பிறகு, "மானும் மிருகம்தானே அக்கா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தைத் தலையணைக்குள் புதைக்கவேண்டும்போல இருந்தது.

அன்றே மருந்தை மாற்றினார்கள். உண்ணிக் காய்ச்சலுக்கான குளிசை. மூன்றாம் நாள் விடிய என் உடுப்பெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. தரையில் தண்ணீரும் இல்லை, மான்களும் இல்லை. பசித்தது. கணவர் கொண்டுவந்த கஞ்சியை நானே கோப்பையைப் பிடித்துக் குடித்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிறகு டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். மானிலும் மாட்டிலும் நாயிலும் இரத்தம் குடித்து வாழ்கிற உண்ணிகளில் சில மனிதரையும் கடிக்கும், அப்படிக் கடிக்கும்போது கிருமியும் உள்ளே போய்விடும் என்றார். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாமாம். மானில் பிழையில்லை, அது படுக்கிற புல்லில் நீங்கள் படுக்காதீர்கள், அவ்வளவுதான் என்றார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்து அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மனிதருக்கும் இப்படி வருமென்று தனக்கே தெரியாது என்றார். மாட்டுக்கு வந்தால் தெரியுமாம். கடன்பட்டு வாங்கிய ஒரு நல்லினப் பசு உண்ணிக் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டதாம். பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் மூத்திரம் போய், கண் வெளிறி, இவருடைய மடியில் தலையை வைத்துச் செத்ததாம். மாடு மேயப்போகிற பற்றைக்குள்தான் மானும் மரையும் வருகின்றன, உண்ணி அதிலிருந்து இதுக்கு ஏறும், இதிலிருந்து அதுக்கு ஏறும், யாரை யார் குற்றம் சொல்வது என்று கேட்டார்.

"அதுக்குப் பிறகு பின்னேரம் பட்டிக்கு வந்தா ஒவ்வொரு மாடாத் தடவித்தான் விடுவன். காதுக்குப் பின்னால, தாடைக்குக் கீழ, வாலடியில. உங்கட தலையிலயும் கை பழக்கத்தில போயிட்டு," என்று சிரித்தார்.

எனக்குக் கண் கலங்கியது. கட்டில் மாற்றக் கேட்ட கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயெடுத்தேன். ஆனால் போர்வை நுனியைத்தான் மடித்துக்கொண்டிருந்தேன். அவரே தன் சேலை நுனியை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்கட வாடை எங்களுக்குத் தெரியாது தங்கச்சி," என்றார். என் முகத்தைப் பார்க்காமல், குத்தலும் இல்லாமல், வானம் மப்பாயிருக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, முதல்நாள் நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கிறது. கேட்ட பிறகும்தான் எனக்குத் தலை இழுக்க வந்திருக்கிறார்.

நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தேன். அடுத்தநாள் காலையில் எனக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நேரம் அவரைப் புண் கழுவக் கொண்டுபோயிருந்தார்கள். அவருடைய கட்டிலில் ஒரு பை தோடம்பழம் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நாலு நாள் கழித்து நாங்கள் இருவரும் போனபோது அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார். கால் தப்பியதா என்று கேட்டோம். அன்று வேலையில் நின்ற நேர்ஸுக்குத் தெரியவில்லை. ஊர் கிண்ணியா என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை நாள் பக்கத்தில் படுத்திருந்தும் பேரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

கிண்ணியாப் பக்கம் போனால் வீதியோரத்துத் தயிர்க்கடைகளில் இறங்கி, காலில் புண் வந்த ஒரு ராத்தாவை, மாடு வளர்க்கிற அக்காவைத் தெரியுமா என்று கேட்பேன். எல்லோரும் அன்பாகத்தான் யோசித்துப் பார்க்கிறார்கள். இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

பஸ்ஸிலோ கோயிலிலோ யாராவது பக்கத்தில் வந்து இருக்கும்போது எழும்பி இடம் மாறலாமா என்று என் மனம் இப்போதும் ஒரு கணம் நினைக்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் அசையாமல் அப்படியே இருந்துகொள்கிறேன், அவரிடம் கேட்காமல் வந்த மன்னிப்பை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.