இரண்டாம் நம்பரில் ஏறிய முள்

வேலை செய்யும்போது வாயைத் திறப்பது பாவம் என்று சேலையூர் சாலமோனுக்கு ஒரு எண்ணம். எந்த வேதத்தில் அப்படி எழுதியிருக்கிறதோ தெரியாது. ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டால் மனுஷன் ஊமை. என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு வார்த்தை சொல்லமாட்டார். முடித்தபிறகு தீர்ப்பு மட்டும் வரும். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

விமானப்படையில் மீட்டர்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பிறகு, படப்பைப் பக்கம் யுத்தகாலத்தில் போட்ட ஓடுதளத்தில் நடந்துவந்த ஒரு சின்னப் பறக்கும் கழகத்தில் சேர்ந்தார். எழுபத்து நான்காம் வருஷம் அவருடைய மகள் கிருபாவும் அங்கேயே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்த விபரீதம்?" என்று மனைவி தபீதாள் அழுது பார்த்தாள். "நான் பார்த்து விடற மெஷின்ல என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஒரே வரியில் அவள் வாயை அடைத்துவிட்டார் சாலமோன்.

கழகத்தின் இரண்டு இருக்கை விமானம் ஒன்றில் புதுசாக ஒரு மீட்டர் இருந்தது. எஞ்சினில் நாலு சிலிண்டர். ஒவ்வொன்றின் புகைக்குழாயிலும் விரல் நீளத்துக்கு ஒரு ப்ரோப் செருகியிருக்கும். வெளியேறும் புகை எவ்வளவு சூடு என்று அது உணர்ந்து ஒயர் வழியாக மீட்டருக்கு அனுப்பும். மீட்டரிலுள்ள திருகைத் திருப்பி ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் மூன்றாம் நம்பரில் வைத்தால் முள் எகிறிப்போய் நின்றது.

எஞ்சின் நிஜமாகவே எரிகிறதா, அல்லது ப்ரோப் கெட்டுப்போய்ப் பொய் சொல்கிறதா? கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. மூன்றாவதன் ப்ரோப்பைக் கழற்றி இரண்டாவதிலும், இரண்டாவதை மூன்றாவதிலும் செருகவேண்டும். ஒயர்களை இடம் மாற்றக்கூடாது; அந்தந்த சிலிண்டரின் ஒயர், புதிதாக அங்கே வந்த ப்ரோப்பில் மாட்டவேண்டும். அப்புறம் ஓட்டிப் பார்த்தால், சூடு இரண்டாம் நம்பருக்கு மாறினால் ப்ரோப்தான் கோளாறு. மூன்றிலேயே நின்றால் எஞ்சின் கோளாறு.

சாலமோன் மதியம் அப்படியே மாற்றினார். வழக்கம்போல யாரிடமும் மூச்சு விடவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பிவந்தபோது மூடி மூடியிருந்தது. மெக்கானிக் துளசிங்கம் மூடியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டினார். மூன்றாம் நம்பர் சாதுவாக இருந்தது. இரண்டாம் நம்பரில் முள் எகிறியது.

"ப்ரோப் அவுட்" என்று தீர்ப்பு வந்தது. மாற்று ப்ரோப் கப்பலில் வரவேண்டும், வரும்போது வரட்டும். மறுநாள் காலை தனியாகப் பறக்கக் கிளம்பிய மகளிடம், "ரெண்டாம் நம்பர்ல முள்ளு ஏறும். அது பொய். யார் என்ன சொன்னாலும் நீ கண்டுக்காதே" என்றார். அவள் தலையாட்டிவிட்டு ஏறிப் போனாள்.

விமானம் கண்ணிலிருந்து மறைந்தபிறகு துளசிங்கம் டீ டம்ளரோடு வந்தான். பாசக்காரன். ஆயுதபூஜைக்கு எல்லாருக்கும் முந்தி நிற்பவன். அந்த வருஷ பூஜையின்போது எஞ்சினுக்கும் பொட்டு வைத்தான். குங்குமம் உதிர்ந்துபோகும் என்று சிவப்பு பெயிண்டிலேயே வைத்தான். முதல் ப்ரோப்புக்கும் அதன் ஒயருக்கும் ஒரு பொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு, அப்படியே நாலுவரை.

"இன்னா சார் நீங்க, நேத்து போய் ரெண்டு பொட்டு ப்ரோப்ல மூணு பொட்டு ஒயர மாட்டி வெச்சிகினு கீறீங்க?" என்று சிரித்தான். "உங்களுக்கும் வயசாயிட்ச்சி. நான்தான் பொட்டப் பாத்து ரெண்டு ஒயரையும் கரீட்டா மாத்தி மாட்டி மூடுனேன்."

சாலமோனுக்கு முதலில் காதில் எதுவும் ஏறவில்லை. பிறகு ஏறியது. ப்ரோப்பை அவர் மாற்றியிருக்கிறார். அதன் பின்னாலேயே ஒயரை இவன் மாற்றியிருக்கிறான். அப்படியென்றால் மூன்றாம் சிலிண்டரில் செருகிய ப்ரோப்பில் இப்போது இருப்பது இரண்டாம் ஒயர்; இரண்டாம் நம்பரில் தெரிந்தது மூன்றாம் சிலிண்டரின் சூடு. ப்ரோப்பில் ஒரு குறையும் இல்லை. எஞ்சின்தான் எரிந்துகொண்டிருக்கிறது, மகளையும் ஏற்றிக்கொண்டு.

அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத் துளசிங்கம் டம்ளரைக் கீழே போட்டுவிட்டான். ரேடியோ அறையில் பயிற்சியாளர் ஸ்ரீரங்கன் இருந்தார். மூச்சிரைக்க சாலமோன் சொன்னதில் பாதிதான் அவருக்குப் புரிந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது. மைக்கை எடுத்தார்.

"கிருபா, த்ராட்டிலைக் குறைச்சுண்டு உடனே திரும்பு. உன் எஞ்சின் ஓவர் ஹீட்."

கரகரப்புக்கு நடுவே அவள் குரல் நிதானமாக வந்தது. "இல்ல சார், அது ப்ரோப் ஃபால்ட். அப்பா பார்த்துட்டாங்க."

"நான் சொல்றேன், திரும்பு!"

"அப்பா கண்டுக்காதேன்னு சொல்லியிருக்காங்க சார். எஞ்சின் நல்லாத்தான் ஓடுது."

ஸ்ரீரங்கன் மைக்கை சாலமோனிடம் நீட்டினார். தன் வாழ்நாளில் எடுத்த முடிவைத் தப்பு என்று சொல்லிப் பழகாத வாய் அது.

"கிருபா... அப்பா பேசறேன். நான் சொன்னது தப்பும்மா. முள்ளு நெஜம். திரும்பி வந்துடு."

சாலமோன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தாவே, கர்த்தாவே" என்று வாய்க்குள்ளேயே முனகினார். பிறகு, "திரும்பறேன்பா" என்று குரல் வந்தது.

விமானம் மரங்களுக்கு மேலே தெரிந்தபோதே எஞ்சின் சத்தம் விட்டுவிட்டு வந்தது. உடம்பெல்லாம் உதறிக்கொண்டு ஓடுதளத்தைத் தொட்டது. பாதி தூரத்தில் எஞ்சின் தானாகவே நின்றுவிட்டது. அவள் இறங்கியதும் ஸ்ரீரங்கன் ஸ்விட்சுகளை அணைத்துவிட்டு விமானத்தின் மூக்கிலிருக்கும் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு சிலிண்டரும் கையை எதிர்த்து இறுகவேண்டும். மூன்றாவதன் முறை வரும்போது மட்டும் விசிறி பிடிமானமே இல்லாமல் சுற்றியது. புகைக்குழாய்க்குள் உஸ்ஸென்று காற்று போயிற்று. வால்வு எரிந்துபோயிருந்தது.

துளசிங்கம் தலையில் கைவைத்துக்கொண்டு அழுதான். சொல்லாமல் செய்தவர் சாலமோனே. இவனை எங்கே திட்டுவது?

கிருபாவுக்கோ உயிர் பிழைத்த சந்தோஷம். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெருமையாகச் சிரித்தாள்.

"நல்லவேளை நீங்க வந்து பேசினீங்கப்பா. சார் எவ்வளவு கத்தியிருந்தாலும் நான் திரும்பியிருக்கமாட்டேன். நீங்க சொன்னா சொன்னதுதானே?"

சாலமோன் விமானத்தின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.