காமாவுக்கு மேலே ஒன்று, கீழே இரண்டு

நாலு வயதில் எழுந்து நின்ற கால், பத்தாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு, இரண்டு கல்லூரிகள் திருப்பி அனுப்பிய பிறகு மூன்றாவதில் எம்.எஸ்சி. இயற்பியல் இடம், திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டரோடு மல்லுக்கட்டி வாங்கிய முன்சீட்டு. பிறவியிலேயே கால் வலுவில்லாமல், கைவிரல்கள் மடங்கிப்போன சகாயராஜ் இத்தனையும் ஜெயித்திருந்தான். பொதுச் சார்பியல் தாள் ஒன்றுதான் மிச்சம்.

போன பருவத்தில் அவன் சொல்லச் சொல்ல எழுத வந்தவர், மேலே போடவேண்டிய குறிகளையெல்லாம் கீழே போட்டுவிட்டார். சரியான விடைகள் தப்பாகிப்போயின. இந்த முறை அக்கா மேரிசெல்வியே எழுத வந்தாள். மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை, படிப்பு எட்டாவது. மூன்று மாதம், உப்பு வாரிவிட்டு வந்த மத்தியானங்களில் உட்கார்ந்து கிரேக்க எழுத்துகளைப் பழகியிருந்தாள். எதற்கென்று தெரியாது; எது எங்கே உட்காரும் என்று தெரியும்.

தேர்வன்று அவள் எழுத்தின் அழகே வினையாயிற்று. பறக்கும் படை அதிகாரி விடைத்தாளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, ஃபிசிக்ஸ் எந்தக் காலேஜ்ல படிச்ச?"

"உப்பளத்துலங்க சார்."

"வெளையாடுறியா? இது என்ன?"

"தெருவெளக்குக் கம்பம் மாதிரி இருக்குதுல்ல, அது காமாங்க. குறி மேலே ஒண்ணு, கீழே ரெண்டு. மாத்திப் போட்டா இவன் கத்துவான்."

அறைக் கண்காணிப்பாளர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. "பாடம் தெரிஞ்சவங்க எழுதினா தாளை ரத்து பண்ணிடுவோம்."

மேரிசெல்வி பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்னைக் கேளுங்க சார்," என்றான் சகாயராஜ். "கம்பி அறுந்து லிஃப்ட் விழுதுன்னு வெச்சிக்குங்க. உள்ள இருக்கிறவனுக்கு எடையே தெரியாது. ஈர்ப்பே இல்லன்னு நெனைப்பான். ஆனா லிஃப்ட் ரொம்பப் பெருசா இருந்தா, ரெண்டு மூலையிலயும் விட்ட ரெண்டு உப்புக்கல்லு மெதுவா கிட்ட வரும். ரெண்டுமே பூமியோட மையத்தப் பாத்து விழுதுல்ல? அந்தக் கிட்ட வர்றதத்தான் வளைவுன்னு எழுதச் சொன்னேன்."

அதிகாரி தாளைத் திருப்பிக் கொடுத்தார். "சரிப்பா. விடை நீ சொன்னதுதான்னு இந்த ஃபாரத்துல ரேகை வை." மை டப்பாவை நகர்த்தினார்.

"பேனா குடுங்க சார்."

"டேய், டைம் போவுதுடா!"

"போவட்டும்க்கா. சொன்னது நான்தானே."

மடங்கிய விரல்களுக்கிடையே பேனாவைச் செருகிக்கொண்டான். ஆறு நிமிடம் ஆயிற்று. எழுத்துகள் கோட்டைத் தாண்டி ஏறி இறங்கின. இருபத்து மூன்று வயதில் அவன் போட்ட முதல் கையெழுத்து. மேரிசெல்வி அதன்கீழே தேதியை மட்டும் கோட்டின்மேல் நேராக எழுதினாள்: 14.05.2024.