ஐயம்பேட்டை வரை போன கேபிள்

செய்தி வாசிக்கும் மேசைக்கு முன்பக்கம் மட்டும்தான் நீலத் துணி. பின்னாலிருந்து பார்த்தால் அது ஒரு பழைய தையல் மெஷின் மேசை. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் எங்கள் லோக்கல் சேனல் நடந்தது. ஒரு கேமரா, இரண்டு ட்யூப்லைட், ஒரு ஃபோன். கருட சேவையை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்று வயதானவர்கள் கேட்டதற்காகத் தொடங்கியது. பிறகு தண்ணீர் விடும் நேரம், பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவிப்பு என்று நீண்டு, ஏழு மணிச் செய்தியும் வந்தது. அதை வாசித்தது நான். பட்டுக்கடையிலிருந்து தினம் ஒரு புடவை இரவல் வரும். வாசித்து முடித்ததும் மடித்துத் திருப்பிவிட வேண்டும். கசங்காமல் உட்கார்ந்து உட்கார்ந்து, எதைப் படித்தாலும் அசையாமல் இருக்கப் பழகிவிட்டேன்.

அந்த அம்மா முசரவாக்கத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். பத்தொன்பது வயது மகளைக் காணவில்லை என்று ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த போட்டோவோடு வந்தார். தினமும் அந்த அறிவிப்பை வாசித்தேன். வெள்ளிக்கிழமைதோறும் வந்து, கேமராவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் போவார்.

மூன்றாவது வாரம், வாழ்த்துச் சொல்ல மக்கள் அழைக்கும் ஃபோனில் அந்தப் பெண்ணே பேசினாள்.

"அக்கா, என் போட்டோவ காட்டாதீங்க. எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. ஐயம்பேட்டையிலதான் இருக்குறோம். வீட்டு ஓனரம்மா என் மூஞ்சியவே உத்துப் பாத்துக்கினு இருக்குது. அவரு வேற சாதி. எங்க சித்தப்பாங்களுக்குத் தெரிஞ்சா உசுரோட விடமாட்டாங்க."

எங்கள் கேபிள் ஐயம்பேட்டை வரை போகிறது என்பது, அதுவரை நான் விளம்பரம் கொடுப்பவர்களிடம் பெருமையாகச் சொல்லும் விஷயம்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாம்கா. அம்மாவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது."

எங்கள் செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். "போட்டோவ எடுத்துடும்மா. பேர மட்டும் படி. ஒரேயடியா நிறுத்தினா அந்தச் சித்தப்பாங்க ஏன்னு கேட்டுக்கினு வருவாங்க" என்றார். அப்படியே செய்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா கேட்டார்: "போட்டோ எங்கம்மா?"

"மெஷின் ரிப்பேர்மா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த முறை அவர் தனியாக வரவில்லை. இறந்துபோன கணவரின் தம்பிகள் இருவரும் கூட வந்தார்கள். மூத்தவர்தான் பேசினார். "எவங்கூடவோ ஓடிப்போயிட்டா. எங்களப் பொறுத்தவரைக்கும் அவ செத்துட்டா. காரியம் பண்ணித் தலை முழுகிட்டோம். கண்ணீர் அஞ்சலி போடுங்க. பெருசா போட்டோ வெச்சு."

"போட்டோ வேணாம்" என்றார் அம்மா.

"போட்டோ இல்லாம என்ன அஞ்சலி அண்ணி?"

"செத்தவ மூஞ்சிய ஊரு எதுக்குப் பாக்கணும்? பேர மட்டும் படிம்மா."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் தாளை வாங்கிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். ஐயம்பேட்டையில் ஏதோ ஒரு வீட்டில் அவள் டிவி முன்னால் இருக்கிறாள் என்று தெரிந்தே, அவள் இறந்துவிட்டதாக வாசித்தேன். குரல் தடுமாறவில்லை. அடுத்து தண்ணீர் விடும் நேரத்தையும் வாசித்தேன்.

தம்பிகள் முன்னால் இறங்கிப் போனார்கள். அம்மா மாடிப்படியில் பின்தங்கி நின்றார்.

"காரியம் பண்ணிடலாம்னு நான்தாம்மா சொன்னேன். இனிமே தேடமாட்டாங்க இல்ல?"

நான் இரண்டு படி இறங்கி அவர் அருகே போனேன்.

"அவ இருக்குற எடத்துல இது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்மா."

தலையை ஆட்டிக்கொண்டார். கீழேயிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டார். அதன்பின் அவர் வரவேயில்லை.

அந்தப் பெண்ணும் மறுபடி பேசவில்லை. உன் அம்மா உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். டிவியில் சொல்ல முடியாது. சித்தப்பாக்களும் அதைத்தான் பார்த்தார்கள். ஒருமுறை ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போனேன். ஒளிந்து வாழ்பவளின் பெயரை எந்தத் தெருவில் எப்படி விசாரிப்பது? அடுத்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டேன்.

பிறகு வீடுகளுக்கு செட்டாப் பாக்ஸ் வந்தது. நூற்றுக்கணக்கான சேனல்களுக்கு நடுவில் எங்களுடையதைத் தேடிப் பார்க்க ஆளில்லை. கேமராவை ஒரு கல்யாண வீடியோக்காரர் எடுத்துக்கொண்டார். மாடியில் இப்போது செல்ஃபோன் ரிப்பேர் கடை. நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன்.

அந்த அம்மா போன வருடம் இறந்துவிட்டதாக, முசரவாக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி சொன்னாள். சரி என்று சொல்லிவிட்டு, அவளுடைய டி.சி.யில் முத்திரை வைத்துக் கொடுத்தேன். அன்று மாலை வரை ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. தனக்கு அஞ்சலி வாசித்த குரல் யாருடையது என்று அந்த அம்மாவின் மகளுக்குத் தெரியும். வாசிக்கச் சொன்னது யார், எதற்காக என்று தெரியாது. அதைச் சொல்ல என்னிடம் ஓர் ஃபோன் நம்பர்கூட இல்லை.