பல்லுக்கு மேலே இருந்த புள்ளி

நாலு பேர் படிக்க எழுத்தைப் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். படித்த நாலு பேரும் சண்டைக்குக் கடைக்கே வந்துவிடுவார்கள் என்பது டிசைனர் வேலை பார்க்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். திருக்கழுக்குன்றத்தில் ஒரு பிரின்டிங் கடையில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு கையெழுத்து ஃபாண்ட் மேல் பைத்தியம் பிடித்தது. நூல் மாதிரி மெல்லிசு, கொடி கொடியாக ஓடும்.

கை வலி

முதலில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் போட்டேன். பெண்ணின் அப்பா படாளத்து விவசாயி. கட்டைப் பிரித்து ஒவ்வொரு பத்திரிகையாகத் தடவிப் பார்த்தார். "ஐநூறையும் உன் கையாலயா எழுதின? கை வலிக்கலியாம்மா?"

சுவர்க் கடிகாரம்

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து வந்த கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் அதே ஃபாண்ட். கொடி எழுத்தையும் பெரியவரின் சிரித்த முகத்தையும் தூரத்திலிருந்து பார்த்த இரண்டு பேர், அறுபதாம் கல்யாணம் என்று நினைத்து அந்த வீட்டுக்கே போய்விட்டார்கள். அங்கிருந்து நேராக எங்கள் கடைக்கு. "கடியாரம் வாங்கிகினு போனோம்மா, இத இப்ப யார் கைல குடுக்குறது?"

பல்

இன்னொரு புகார் வந்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றார் முதலாளி அண்ணன். என் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது. ஆனால் மாமல்லபுரத்தில் ஒரு கிளினிக் கண்ணாடியில் 'பல் மருத்துவர்' ஸ்டிக்கரை ஏற்கெனவே ஒட்டிவிட்டு வந்திருந்தோம். அதே ஃபாண்ட், கடுகளவு புள்ளி. கடல் காற்றுக்கு 'ல்' மேலிருந்தது மட்டும் உதிர்ந்து, 'பல மருத்துவர்' ஆகிவிட்டது. டாக்டரே போன் செய்தார். "மூட்டுவலின்னு மூணு பேரு வந்து ஒக்காந்துகினு, மத்த டாக்டருங்க எப்ப வருவாங்கன்னு கேக்குறாங்க, நான் இன்னா சொல்லட்டும்?"

மன்னிப்பு

சீட்டு கிழிவதற்குள் மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட நினைத்தேன். அழகான எழுத்துக்கு அழகான தமிழ் வேண்டாமா? 'இனி இத்தவறைச் செய்யேன்' என்று அதே ஃபாண்டில் அடித்து நீட்டினேன். அதில் 'ய'வும் 'வ'வும் இரட்டைப் பிள்ளைகள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அண்ணன் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். "'இனி இத்தவறைச் செய்வேன்'னு எழுதியே குடுக்கிறியா? இன்னா தில்லும்மா உனக்கு!"

அந்தத் தில்லுக்காகவே அவர் என்னை வேலையில் வைத்துக்கொண்டார், அது 'ய' என்று நானும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.