அப்பாவின் காது

மெர்லிமாவ் டவுனின் கடைசிக் கடையையும் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்குள் போகும் சாலையில் நான் நடந்துகொண்டிருந்தேன். முதுகில் பள்ளிப் பை. கக்கத்தில் அப்பாவின் படம். படத்துக்கு அட்டைச் சட்டம் போட்டிருந்தது. சட்டத்தின் மேல் மல்லிகையும் ரோஜாவும் கட்டிய புது மாலை தொங்கியது. எனக்கு அப்போது பதினைந்து வயது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

பள்ளி பஸ் போய்விட்டது. பெற்றோர் தினப் பரிசளிப்பு முடிந்து படத்தைச் சுவரிலிருந்து இறக்க நேரமாகிவிட்டது, அதனால் நடந்தேன். நடப்பது எனக்குக் கஷ்டமில்லை. பிற்பாடு எத்தனையோ ஊர்களிலிருந்து இப்படிக் கிளம்பி நடந்திருக்கிறேன். ஆனால் அப்பாவின் படத்தோடு நடந்தது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் இடைநிலைப்பள்ளியில் காட்சிக்கலை வகுப்பு வாரத்துக்கு ஒருமுறை நடக்கும். பட்டறைக்குப் பக்கத்தில் கடைசி அறை. தண்ணீர்க் குழாய் ஒழுகும், மின்விசிறி ஒன்றுதான் ஓடும். பாதிப் பேருக்கு அது அரட்டை அடிக்கும் நேரம். அந்த வகுப்பை நடத்தியவர் ஒரு மலாய்க்கார ஆசிரியை. ஆண் பெண் வித்தியாசமில்லாமல் எல்லா ஆசிரியர்களையும் சிக்கு என்றே அழைப்போம், அவரையும் அப்படித்தான். மற்ற பாடங்களில் நான் புத்தகத்தைப் பார்த்தால் எழுத்துகள் எறும்பாக ஊரும். இவர் வகுப்பில் புத்தகமே இல்லை. பார், பார்த்ததைப் போடு, அவ்வளவுதான். முகத்தில் கோடு என்று எதுவும் கிடையாது, வெளிச்சம் நின்று நிழல் தொடங்கும் இடம்தான் இருக்கிறது என்று அவர் சொன்ன நாளிலிருந்து, பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் பிடரியைக்கூட நான் விடாமல் பார்த்தேன்.

ஆண்டுக் கடைசி வேலையாக, வீட்டில் ஒருவரை நேரில் பார்த்து வரைந்து வரச் சொன்னார். போட்டோவைப் பார்த்துப் போடக் கூடாது. எங்கள் வீட்டில் அசையாமல் கிடைக்கும் ஆள் அப்பா மட்டும்தான். அவருக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் நிரந்தர இரவு வேலை. காலையில் வந்து குளித்து, சாப்பிட்டு, கதவுக்கு உள்ளே தாழ் போட்டுவிட்டு ஹாலில் பாய் விரித்துப் படுப்பார். நான் பள்ளி முடிந்து பின்பக்கமாக வந்து, அவர் தலைமாட்டில் உட்கார்ந்து வரைவேன். மூக்கு ஒரு நாள், நெற்றி ஒரு நாள், காது மட்டும் மூன்று நாள். காதுக்குள் அத்தனை மேடுபள்ளம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கண்களுக்குத்தான் வழியில்லை, மூடியே இருந்தன. ஒரு மத்தியானம் அவர் சட்டென்று விழித்து, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பார்வையைத்தான் படத்தில் வைத்தேன்.

சிக்கு அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் நான்காம் படிவத்தில் காட்சிக்கலையைத் தேர்வுப் பாடமாக எடுக்கும் மாணவர்களுக்கான பாரம். அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பாடம் இல்லையென்றால் நான்காம் படிவத்தில் எனக்கு வேலையில்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது.

ஆண்டின் கடைசிப் பள்ளி நாளான பெற்றோர் தினத்தன்று படத்தை மண்டபத்தில் மாட்டினார்கள். அன்று காலையில் சிக்கு தன் காரிலேயே போய், டவுனில் தமிழர் பூக்கடையில் மாலை வாங்கி வந்திருந்தார். டவுனில் பாதித் தமிழ்க் கடைகளில் முதலாளியின் அப்பா படம் மாலையோடுதான் இருக்கும், அதைப் பார்த்திருக்கிறார். உங்கள் ஆட்கள் பெரியவர்களுக்கு இப்படித்தானே மரியாதை செய்வார்கள் என்று என்னைக் கேட்டார். எங்கள் வீடுகளில் ஒருவர் படத்துக்கு மாலை விழுந்தால் ஒரே அர்த்தம்தான். அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு மலாய் தெரியும். ஆனால் சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்பதும் தெரிந்தது. முகத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். தலையை ஆட்டினேன். மின்விசிறிக் காற்றில் விழுந்துவிடக் கூடாது என்று அவர் மாலையைச் சட்டத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் துப்பாக்கியால் டப் டப்பென்று அடித்தார். பின்வரிசையில் என் வகுப்புத் தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இரவு வேலை முடித்தவர் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கு வர முடியாது. அம்மாவுக்கும் தொழிற்சாலையில் லீவு இல்லை. அதனால்தான் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் எழுந்ததும் படத்தைக் காட்டி, அந்தச் சந்தோஷத்திலேயே பாரத்தை நீட்ட வேண்டும் என்பது என் திட்டம். பள்ளி வாசலைத் தாண்டியதும் மாலையைப் பிய்க்கப் பார்த்தேன். ஸ்டேப்ளர் முள் அட்டையோடு படத்தையும் கவ்வியிருந்தது. இழுத்தால் படம் காதுப் பக்கமாகக் கிழியும்போல் இருந்தது. மாலையா காதா என்று யோசித்தேன். காதை விட மனம் வரவில்லை.

முதலில் நின்றது தோட்டத்துக் கோயிலில் மணியடிக்கும் அண்ணனின் மோட்டார். இஞ்சினை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். எங்கள் பக்கத்தில் சும்மா பேச யாரும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார்கள்.

“அடப்பாவமே. எப்படா தம்பி?”

“இல்லண்ணே, அப்பா வீட்டுல தூங்கறாரு.”

“தூக்கத்துலயேவா?” அவர் கண்ணை மூடிக்கொண்டார். “நல்ல சாவு லா. யாருக்குக் கெடைக்கும் இப்படி.”

“ஐயோ, உசுரோட இருக்காருண்ணே! இது ஸ்கூல்ல குடுத்தாங்க.”

அவர் படத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பிறகு என்னை, புத்தி பேதலித்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “சரிடா, சரிடா. நீ மெதுவா வா. நான் முன்ன போறேன்” என்றார். போகும் முன் கைப்பேசியை எடுத்து, படத்தை ஒரு படம் பிடித்துக்கொண்டார். தோட்டத்துக்கு ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. நான் அடுத்த வளைவைத் தாண்டுவதற்குள் அப்பா அதில் இறந்துவிட்டிருக்க வேண்டும். சாலையோரத்தில் இளநீர் விற்ற சீனக் கிழவர் என்னைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து, நான் தாண்டிப் போகும்வரை நின்றுகொண்டிருந்தார். அவரிடம் விளக்கம் சொல்ல நான் முயலவில்லை.

வீட்டை அடைந்தபோது வாசலில் ஒரு லாரி. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கூடாரம் போடும் மாமா அதிலிருந்து இரும்புக் கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் ஏற்கனவே வரிசையாக இருந்தன. கதவு உள்ளே தாழிட்டிருந்ததை, பூட்டியிருப்பதாக எடுத்துக்கொண்டார்கள்.

“பாடிய பெரிய ஆஸ்பத்திரியிலேயே வச்சிருக்காங்க போல” என்றார் ஒருவர்.

“கிளாங்குக்குப் போன் அடிச்சாச்சு. அந்தம்மா வேன்ல வந்துகிட்டு இருக்கு” என்றார் மணியடிக்கும் அண்ணன். கிளாங் என்றால் மலாயில் தொழிற்சாலை. அம்மாவுக்கும் சொல்லிவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பெண்கள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் ஒரு கம்பி கைநழுவி சிமெண்டில் விழுந்தது.

கதவு திறந்தது. கைலியோடு அப்பா.

“எவன்டா அது, மனுசனத் தூங்கவிடாம!”

ஒரு பெண் வீறிட்டார். மணியடிக்கும் அண்ணன் ஹெல்மெட்டைக் கீழே போட்டார். அப்பா கூட்டத்தைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், கடைசியாக என் கக்கத்தைப் பார்த்தார். இறங்கி வந்து முன்வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து கையை நீட்டினார். கொடுத்தேன்.

“மாலை யாரு போட்டா?”

“சிக்கு. மரியாதைக்காம்.”

கூடார மாமாதான் முதலில் சிரித்தார். பிறகு வாசலே சிரித்தது. “செத்தவன் வீட்டுல டீ குடிக்கலாம்னு வந்தோம். இப்ப நீயே போடணும் லா” என்றார். “வந்தது வந்தீங்க, உக்காருங்க. நாற்காலிதான் கெடக்கே” என்றார் அப்பா. யாரோ உள்ளே போய் டீ கலந்தார்கள். படம் கைமாறிக் கைமாறிப் போனது.

“காது அச்சா இருக்கு லா” என்றார் மணியடிக்கும் அண்ணன், பழியைக் கழுவிக்கொள்பவர்போல.

“இருக்காதா பின்ன? அந்தக் காதுக்கு மட்டும் மூணு நாளு. பொரண்டு படுக்கலாம்னு பாக்கறேன், இவன் இன்னும் காத முடிக்கல. அப்படியே கெடந்தேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அது நல்ல தமாஷாகத்தான் பட்டது.

அப்போது வேன் வந்தது. அம்மா நீலக் கோட்டோடும் தலையில் தொழிற்சாலை வலைத்தொப்பியோடும் இறங்கினார். கூட வந்த இரண்டு பெண்கள் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அப்பா கையில் டீ கிளாஸோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா அழவில்லை, கத்தவுமில்லை. வேன் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து படத்தை வாங்கி, சமையலறைக் கத்தியை எடுத்துத் தரையில் உட்கார்ந்து, ஸ்டேப்ளர் முட்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். படம் எங்கும் கிழியவில்லை. மாலையைச் சாக்கடையில் போட்டார். நேராகக் குளியலறைக்குப் போனார். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் ஊற்றிக்கொள்வதுபோல், தலையோடு தண்ணீர் ஊற்றும் சத்தம் வாசல்வரை கேட்டது. வெகுநேரம் கேட்டது. ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

கம்பிகளையும் நாற்காலிகளையும் திரும்ப ஏற்ற அன்று ஆள் இல்லை. “விடு மச்சான், காலைல வா. என் பையன் ஏத்திக் குடுப்பான்” என்று அப்பா கூடார மாமாவிடம் சொல்லிவிட்டார்.

சாயங்காலம், படத்தை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. எங்கள் ஹால் சுவரில் போய்ச் சேர்ந்தவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். எல்லாம் ஐசி அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டது.

“அங்க பாரு, அத்தனை பேரும் போலீஸ் புடிச்ச மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்கிறானுங்க” என்றார் அப்பா. “இத எடுத்து வை. பின்னால உதவும்.”

“வாயக் கழுவுங்க” என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்க்காமல், “இனிமே இந்த வீட்டுல யாரும் யாரையும் வரையக் கூடாது” என்றார். படத்தைப் பழைய துண்டில் சுற்றி அலமாரியின் மேல், பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினார்.

அப்பா சொன்னதை நான் யோசிக்கவில்லை, படம் அலமாரிக்குப் போனதை மட்டும்தான் பார்த்தேன். அப்பா வேலைக்குக் கிளம்பும்போது காலணியை மாட்டிக்கொண்டே கேட்டார்.

“சிக்கு வேற ஏதாச்சும் குடுத்தாங்களா?”

“ஒண்ணுமில்ல.”

அவர் உடனே எழவில்லை. காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். ஆலையில் கணக்கு எழுத எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கும் பேனா அன்றும் இருந்தது. பிறகு மோட்டார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. பாரம் என் பைக்குள்ளேயே இருந்தது. அதை யாரும் மறுத்தார்கள் என்று நான் சொல்ல முடியாது. நான் கேட்கவில்லை.

பின்னாளில் தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் கொஞ்ச காலம் இரவு வேலை செய்தேன். பகலில் எனக்குக் கிடைத்த அந்த நாலு மணி நேரத் தூக்கத்தை யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் அது பின்னாளில்.

மறுநாள் விடிந்ததும் லாரி வந்தது. நானும் கூடார மாமாவும் கம்பிகளை ஏற்றி, நாற்காலிகளை அடுக்கினோம். கடைசிவரை அவர் என்னைச் சீண்டிக்கொண்டே இருந்தார்.

“என்னா ஓவியரே, அப்பன உயிரோட மாலை போட்டு உக்கார வச்சிட்ட. நாலு அறை விட்டானா?”

“இல்ல மாமா. படத்த எடுத்து வைக்கச் சொன்னாரு. பின்னால உதவுமாம்.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனையோ வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, நடுவில் மேசை வைத்து, அதன்மேல் செத்தவரின் படத்தை நிறுத்தியவர் அவர். லாரியின் முன்பக்கத்திலிருந்து ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டும் ஒரு தூரிகையும் எடுத்து வந்தார்.

“நாற்காலி முதுகுல கடைப் பேரு எல்லாம் அழிஞ்சு போச்சு. எழுதிக் குடுக்கிறியா? லீவு முடியற வரைக்கும் எங்கூட வா.”

சரி என்றேன். பள்ளி திறந்தபோது நான் திரும்பிப் போகவில்லை, ஆனால் அன்று அதைப் பற்றி யோசிக்கவில்லை. லாரியின் பின்னால் ஏறி, முதல் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டேன். அவர் ஏன் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. தூரிகையைப் பெயிண்டில் நனைத்து, முதல் எழுத்தைப் போட ஆரம்பித்தேன்.